குறைந்த எடையைத் திருப்பிக் கேட்டார்கள்

ஸ்டோரில் பண்டல் நிறுக்கும் எடைமேடைக்குப் பக்கத்தில், சேஃப்டி ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் சாக்ஸோடு நின்றிருந்தேன். வலது கால் சாக்ஸில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. என்னைச் சுற்றி ஆண்கள். எங்கள் லேப் மேனேஜர் ஜெகதீசன் சார், லேப் இன்ஜினியர் பிரவீண், சீட்டுக்கு ஃபோம் சப்ளை செய்கிற கம்பெனியிலிருந்து வந்திருந்த மூன்று பேர்.

அந்த மூவரில் ஒருவர் டை கட்டியிருந்தார். ஒரகடத்து வெயிலில் டை கட்டிய ஆளைப் பார்த்தாலே போதும். எங்கேயோ பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

தப்பு நடந்துதான் இருந்தது. கொஞ்ச நாளாக எங்கள் கம்பெனியில் செய்கிற கார் சீட்டுகள் எதுவும் சோதனையில் சரியாக அமுங்கவில்லை. ஃபோமில் கோளாறா, ஸ்பிரிங்கில் கோளாறா, அளக்கிற மெஷினில் கோளாறா என்று படித்தவர்கள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கோளாறு என்னிடம் இருந்தது. அது அன்றைக்குக் காலையில்தான் எனக்கே உறைத்திருந்தது.

இத்தனை ஆண்கள் பார்க்க எடைமேடையில் ஏறுவதா, இல்லை ஓடிவிடுவதா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு ஃபோர்க்லிஃப்ட் நின்றது. ஏறுவதற்கு முன்னால், அங்கே வந்து நின்ற கதையைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் போக வேண்டும்.

ரெண்டு பேர் இடம்

நான் பிள்ளைப்பாக்கத்துக்காரி. கட்டிக்கொடுத்தது படப்பைப் பக்கம். சின்ன வயதிலிருந்தே பூசினாற்போல உடம்பு. கல்யாணத்துக்கு அப்புறம் பூச்சு கூடிக்கொண்டே போனது.

என் வீட்டுக்காரர் வேலாயுதம் வேறொரு கம்பெனிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறார். ஸ்டியரிங் வளையத்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்துவிடலாம், அத்தனை ஒல்லி. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தெருவில் போனால் 'பத்து போவுது பார்' என்பார்கள். ஒன்று அவர். பூஜ்யம் நான்.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்திலும் எனக்கு இடுப்புக்குக் கீழே உடம்பு கிடையாது. போட்டோகாரர் ஒவ்வொரு தடவையும் ஒரு நாற்காலியையோ பூந்தொட்டியையோ எனக்கு முன்னால் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் கேமராவைத் தூக்கினார். ஒரு படத்தில் அந்த இடத்தில் என் மாமனார் நிற்கிறார்.

படப்பையிலிருந்து ஒரகடம் போகிற ஷேர் ஆட்டோவில் டிரைவர் ஆட்களை விரல்விட்டு எண்ணுவார். என்னிடம் வந்ததும் இரண்டு விரலை மடக்குவார். கேலி செய்கிற முகமாக இருந்தால் திட்டியிருப்பேன். அது கணக்கு வாத்தியார் முகம். அதனால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கமாக இன்னும் ஒடுங்குவேன். ஒடுங்கினால் உடம்பு எங்கே போகும்? பக்கத்தில் இருப்பவர் மேல்தான் போகும்.

யூனிஃபார்ம் இன்னொரு கதை. கம்பெனி கொடுத்ததிலேயே பெரிய சைஸ் எனக்குப் பட்டன் போட வரவில்லை. நான் சீட் கவர் தைக்கிற லைனில் வேலை செய்தவள். மிச்சம் விழுந்த கவர் துணியில் இரண்டு பட்டை வெட்டி, சட்டையின் இரண்டு பக்கமும் கொடுத்துத் தைத்துக்கொண்டேன். கார் சீட் துணி அல்லவா, சட்டை முழுக்க நைந்து போனபோதும் அந்த இரண்டு பட்டை மட்டும் புதுக் கருக்கு மாறவில்லை.

எடை பார்ப்பது என்றால் எனக்குக் குலை நடுக்கம். ஆஸ்பத்திரியில் ஏறச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வேன். நர்ஸ் எண்ணைச் சொல்ல வாயைத் திறந்ததும் சத்தமாக இருமுவேன். இப்படியே பல வருஷம் என் எடை எனக்குத் தெரியாமலே வாழ்ந்திருக்கிறேன்.

உட்காரும் அனுபவம்

எங்கள் லேபில் ஒரு பொம்மை இருந்தது. அதற்குத் தலை கிடையாது, கை கிடையாது. முதுகு, இடுப்பு, இரண்டு தொடை, உள்ளே எடைக்கட்டிகள். அதைச் சீட்டில் உட்காரவைத்து, சீட் எவ்வளவு அமுங்குகிறது என்று அளப்பார்கள். அளவு சரியாக இருந்தால் அந்த லாட் சீட்டுகள் கார் கம்பெனிக்குப் போகும்.

அந்தப் பொம்மையைச் சரிபார்ப்பதற்காக வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். போனது திரும்பவில்லை. வழியில் எங்கேயோ பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள், தலையில்லாத உடம்பைப் பார்த்துவிட்டு விளக்கம் கேட்கிறார்கள் என்று லைனில் பேசிக்கொண்டார்கள். அது வரும்வரை பொம்மையின் எடையுள்ள ஒரு மனிதப் பிறவி தேவைப்பட்டது.

பிரவீண் தையல் லைனுக்கு வந்தார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். பெண்களிடம் பேசும்போது தரையைப் பார்த்துத்தான் பேசுவார். என் மெஷினுக்கு முன்னால் நின்று ரொம்ப நேரம் தரையைப் பார்த்தார்.

"லேபுக்கு ஒரு ஆள் வேணுங்க அக்கா. நல்ல அனுபவசாலியா."

"இன்னா அனுபவம்?" என்று கேட்டேன்.

"உக்கார்ற அனுபவங்க."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் காது சூடானது. பக்கத்து மெஷினில் இருந்த எஸ்தர், தூத்துக்குடிக்காரி, என் சிநேகிதி, அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "உக்காந்ததுக்குச் சம்பளம் தாரான்னா போய் உக்காருட்டி, இதுல என்னத்த யோசிக்க" என்றாள்.

என் முதுகு அந்தச் சமயம் ரொம்பக் கெட்டிருந்தது. லேபில் ஏசி உண்டு. சரி என்றேன்.

ஸ்டோரில் இருந்தவர்களை எல்லாம் பிரவீண் டீக்கு அனுப்பிவிட்டு என்னை எடைமேடையில் ஏறச் சொன்னார். எண் தெரிகிற இடத்தைத் தன் தொப்பியால் மறைத்துக்கொண்டு அவர் மட்டும் பார்த்தார். நான் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு "பெர்ஃபெக்ட்ங்க அக்கா" என்றார். அப்படியே பொம்மையின் எடையாம்.

என் உடம்பைப் பார்த்து அந்த வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை.

ஐந்து கலரில்

வேலை சுலபம். சீட்டில் உட்கார வேண்டும். அசையக் கூடாது. பிரவீண் அளப்பார். எழுந்துகொள்ள வேண்டும். அடுத்த சீட்டில் உட்கார வேண்டும். கார் கிடையாது, பயணம் கிடையாது, ஆனால் அந்த வருஷம் என்னைப் போல் புத்தம்புது சீட்டுகளில் உட்கார்ந்தவர்கள் இந்த மாவட்டத்தில் இருந்திருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் சீட்டின் மேல் மெல்லிய பாய் ஒன்றை விரித்து உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்ததும் கம்ப்யூட்டரில் ஒரு படம் வந்தது. எங்கே எவ்வளவு அழுத்தம் விழுகிறதோ அதற்குத் தகுந்த நிறம். ஓரமெல்லாம் நீலம், உள்ளே பச்சை, மஞ்சள், ஆரஞ்சு. நடுவில் இரண்டு பெரிய சிவப்பு வட்டம்.

ஜெகதீசன் சாருக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. இவ்வளவு தெளிவான படம் இதுவரை கிடைத்ததில்லை என்றார். பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சட்டம் மாட்டி, கேன்டீன் வாசலில் வைத்துவிட்டார். மேலே 'தரமே நம் உயிர்' என்று எழுதியிருந்தது.

என்னுடையது என்று அதில் போடவில்லை. அதனால் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஹவுஸ்கீப்பிங் பெண்கள் பட்டாம்பூச்சி என்றார்கள். புதிதாகச் சேர்ந்த டிரெய்னிகள் வானிலைப் படம் என்று நினைத்து, வங்கக் கடலில் ஒரே நேரத்தில் இரண்டு புயலா என்று கவலைப்பட்டார்கள். நான் தினமும் என் பின்பக்கத்தைக் கடந்துதான் சாப்பிடப் போனேன்.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். கேன்டீன் வாசலில் இருந்த படத்துக்கும் யாரோ பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டார்கள். எல்லோரும் வரிசையாக வந்து கும்பிட்டார்கள். பின்னால் ஆள் நின்றதால் ஒதுங்க முடியாமல் நானும் கும்பிட்டேன். பொரியை வாயில் போட்டுக்கொண்டே எஸ்தர் என் காதில், "உனக்குக் கோயில் கட்டாம விடமாட்டானுவ போலுக்க" என்றாள். எங்கள் லைனில் அவளுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

அவள் சிரித்தாள். நான் என் பொரியையும் அவள் கையில் கொட்டினேன். மறுநாள் விடிகாலையில் நடக்கப் போனேன்.

ஆள் இல்லாத நகர்

யாரும் பார்க்காத இடத்தில்தான் நடக்க வேண்டும் என்பதில் தெளிவாக இருந்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மனைப்பிரிவு போட்டிருந்தார்கள். பெரிய வளைவு, தார் ரோடு, தெருவிளக்கு, தெருக்களுக்கு நம்பர் எல்லாம் உண்டு. வீடு மட்டும் ஒன்றுகூட இல்லை. கார்டன் என்று பெயர், செடியும் இல்லை. வெள்ளையடித்த எல்லைக்கல்லும் நாய்களும்தான்.

முதல் நாள் இரண்டாவது தெருவைத் தாண்டவில்லை. தொடை இரண்டும் உரசி எரிந்தது. மூச்சு, பிரஷர் குக்கர் போல வந்தது. ஒரு எல்லைக்கல்லில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்வது என் தொழில் என்பதால் அதில் மட்டும் குறை வைக்கவில்லை.

வளைவுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை ஆபீஸ். அதில் மனை விற்கிற கதிரேசன் இருந்தார், சிவகங்கைக்காரர். நான் மனை பார்க்கத்தான் வருகிறேன் என்று நினைத்து ஒரு வாரம் என் கூடவே நடந்து, கிழக்குப் பார்த்த மனைகளைக் காட்டினார். வாங்க வரவில்லை, இளைக்க வந்தேன் என்று கடைசியில் சொன்னேன். அவர் முகம் விழுந்தது. பிறகு கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே வந்தார்.

"அப்ப ஞாயித்துக்கிழமையும் நடங்கக்கா. வேன்ல பார்ட்டிகள கூட்டியாருவேன். நீங்க நடந்தா ஊரு உயிரோட இருக்கிற மாதிரி இருக்கும்."

முடியாது என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். அவர் ஒரு வெள்ளைத் தொப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வேன் உள்ளே திரும்பியதைப் பார்த்ததும் ஒளிய இடம் தேடினேன். வீடில்லாத நகரில் எங்கே ஒளிவது? ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. அது என் வீட்டுக்காரரைவிட ஒல்லி. வேறு வழியில்லாமல் நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். வேனில் இருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். இப்படி ஒரு கூட்டம் உட்கார்ந்து என்னைப் பார்த்தது கல்யாணத்துக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. முன்னால் பூந்தொட்டி இல்லை.

ஒரு அம்மா இறங்கி வந்து நான் எந்தத் தெரு என்று கேட்டார். நாலாவது தெருவில் திரும்பிவிடுவேன் என்றேன். அது உண்மைதான். தண்ணீர் எப்படி என்று ஒருவர் கேட்டார். நான் பாட்டிலில் கொண்டுவந்துவிடுவேன் என்றேன். அதுவும் உண்மை. கதிரேசன் அவர்களிடம் திரும்பி, இங்கே குடியிருப்பவர்கள் தினம் தவறாமல் நடக்கிறார்கள் என்றார். அதற்கு நான் பொறுப்பில்லை.

விசித்திரம் என்னவென்றால், அதற்குப் பிறகு எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்துப்போயின. முதுகை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். கையை வீசினேன். ஒரு நாள் நாய் ஒன்று துரத்த, பள்ளிக்கூடத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஓடினேன். அடுத்த தெருமுனையில் நின்று பார்த்தால் உயிரோடு இருந்தேன். நாய்தான் மூச்சு வாங்கியது. மறுநாள் நாய் துரத்தாமலே கொஞ்சம் ஓடினேன்.

இப்படி மாதங்கள் போயின. சட்டையில் கொடுத்திருந்த பட்டைகளைப் பிரித்தேன். ஷேர் ஆட்டோ டிரைவர் ஒரு நாள் என்னிடம் வந்ததும் ஒரு விரலை மட்டும் மடக்கிவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார். முகத்தில் மாற்றமே இல்லை. நான்தான் ஒரகடம் வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

கம்பெனியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. யூனிஃபார்மும் மேலே லேப் கோட்டும் போட்டால் எல்லோரும் ஒரே மாதிரிதான். இளைத்ததை வாய்விட்டுச் சொல்லவும் எனக்குக் கூச்சம். முன்னால் எப்படி இருந்தேன் என்பதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்.

ஃபோம் கல்லாகிவிட்டது

அந்தச் சமயத்தில்தான் லேபில் சீட்டுகள் அமுங்காமல் போயின.

ஃபோம் கல் மாதிரி வருகிறது என்று முடிவு செய்து லாரி லாரியாகத் திருப்பி அனுப்பினார்கள். ஃபோம் கம்பெனிக்காரர்கள் பஞ்சு போலச் செய்து கொண்டுவந்தார்கள். ஒரு நாள் சரியாக இருந்தது. சில நாளில் மறுபடியும் அமுங்கவில்லை. அளக்கிற மெஷினைப் பிரித்துப் போட்டார்கள். தரை மட்டம் சரியில்லையோ என்று லேப் தரையை அளந்தார்கள். ஏசிக் குளிரில் ஃபோம் விறைக்கிறது என்று யாரோ சொல்ல, ஏசியை நிறுத்தினார்கள். நான் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தேன். அதில் இன்னும் கொஞ்சம் இளைத்திருப்பேன்.

பிரவீணுக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது. ஒரு நாள் தரையைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, உங்க அனுபவத்துல ஏதாச்சும் மாற்றமுங்களா?" என்று கேட்டார். வேலையைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "இன்னும் கத்துக்கினுதான் கீறேன்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை. நடந்து முடித்து வளைவு பக்கம் வரும்போது கதிரேசன் ஓடிவந்தார். முகமெல்லாம் பல்.

"அக்கா, ஆரம்பத்துல வந்த பார்ட்டி நேத்து மறுபடி வந்துச்சுல்ல. உங்கள அடையாளம் தெரியல அவங்களுக்கு. முன்ன ஒரு அம்மாதான் இருந்தாங்க, இப்ப இன்னொரு குடும்பமும் குடி வந்துருச்சேன்னு அட்வான்ஸ் குடுத்துட்டாங்க."

நான் அங்கேயே நின்றுவிட்டேன். வீடில்லாத நகரின் ஜனத்தொகையை இரட்டிப்பாக்கும் அளவுக்கா மாறியிருக்கிறேன் என்று முதலில் தோன்றியது. அடுத்த நொடி சீட் ஞாபகம் வந்தது. சேர்ந்த அன்றைக்கு நிறுத்ததுதான். அதற்கு அப்புறம் யாரும் என்னை நிறுக்கவே இல்லை.

கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஃபோம்காரர்கள் ஸ்டோரில் இருந்தார்கள். ஜெகதீசன் சார் ஆர்டரை நிறுத்தப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டை கட்டியவர், ஏற்கெனவே ஒரு ஷிஃப்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் சார், இதுவும் போனால் மிச்ச ஷிஃப்டும் போகும் என்று மெதுவாகச் சொன்னார். பேச்சு கெஞ்சலாக இல்லை. களைத்துப்போன குரல். பிரவீணைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று வந்தவள், அந்தக் குரலைக் கேட்டதும் அங்கேயே சொல்லிவிட்டேன்.

"ஃபோம வுடுங்க சார். என்னை நிறுத்துப் பாருங்க."

கண்ணைத் திறந்து

அப்படித்தான் நான் சாக்ஸோடு அங்கே நின்றேன். இந்தத் தடவை யாரும் தொப்பியால் மறைக்கவில்லை. ஏறினேன். கண்ணை மூடவில்லை. சிவப்பு எண்கள் மேலும் கீழும் ஆடி நின்றன. என் வாழ்க்கையில் என் எடையை நானே முதன்முதலாகப் பார்த்தேன்.

பிரவீண் பழைய எண்ணைச் சொன்னார். அந்த எண்ணையும் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். ஒரு சிமெண்ட் மூட்டையில் பாதி குறைந்திருந்தது.

டை கட்டியவர் என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். பிரவீண் பண்டல் மேல் உட்கார்ந்துவிட்டார். ஒரு மாதமாகவே தனக்குச் சந்தேகம்தான் என்றும், ஒரு அக்காவிடம் போய் அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் மெஷினைப் பிரித்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார்.

ஜெகதீசன் சார் நல்ல மனிதர். ஆனால் அடுத்து அவர் கேட்டதை என் காதால் கேட்டிருக்காவிட்டால் நானே நம்பமாட்டேன். இன்னும் சில வாரத்தில் வெளிநாட்டிலிருந்து ஆடிட் வருகிறது. பொம்மை வருகிற வழியாக இல்லை.

"திரும்ப ஏத்திக்க முடியுமாம்மா? ஆடிட் வரைக்கும் போதும்."

கம்பெனி எல்லா உதவியும் செய்யும் என்றார். அன்று மதியமே கேன்டீனில் எனக்குத் தனித் தட்டு. நெய் மிதக்கும் பொங்கல், முட்டைகள், ஜாங்கிரி. உள்ளே இருந்த அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஜாங்கிரியை மட்டும் எடுத்து, பாதியை எஸ்தருக்குக் கொடுத்து, மீதியை ருசித்துத் தின்றேன். பொங்கலைத் தொடவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். பிறகு, "டயரு தேஞ்சா டயர மாத்துவோம். ரோட்ட மேல தூக்குன்னு யாராவது சொல்வாங்களா?" என்றார். அவர் பேசியதில் அது நீளமான பேச்சு.

மறுநாள் மேனேஜர் அறைக்குப் போனேன். தையல் லைனுக்குத் திரும்ப அனுப்பிவிடுவார், முதுகு மறுபடி போய்விடும் என்று தெரியும்.

"குறைஞ்சது என்னுது சார். திருப்பித் தர முடியாது. லைனுக்கே போறேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டு, எனக்கெல்லாம் தண்ணீர் குடித்தாலே ஏறுகிறது, உங்களுக்கு ஏறமாட்டேன் என்கிறதே என்றார்.

எம்-சாண்ட் ஜாக்கெட்

வழி கண்டுபிடித்தது பிரவீண். குறைந்த எடைக்கு மணல் நிரப்பிய ஜாக்கெட் ஒன்றைத் தைத்து என் மேல் மாட்டிவிடலாம் என்றார். நானும் எஸ்தரும் தைத்தோம். சீட் கவர் துணி, முன்னும் பின்னும் இடுப்பைச் சுற்றியும் பைகள். பக்கத்தில் நடந்துகொண்டிருந்த கட்டட வேலையிலிருந்து எம்-சாண்ட் வந்தது. எனக்கு எங்கெங்கே குறைந்திருந்தது என்று எஸ்தர் யோசித்து யோசித்துப் பை வைத்தாள். "இங்ஙன இன்னும் கொஞ்சம் இருந்துச்சுட்டி" என்று சொல்லி ஒரு கை மண்ணைக் கூடப் போட்டாள்.

ஆடிட் அன்று காலை அதை மாட்டிக்கொண்டேன். லேபில் சீட் மேடைக்கு இரண்டே படி. முதல் படியில் கால் வைத்ததும் முட்டி வலித்தது. இரண்டாவது படியில் மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பழைய என்னைப் பார்த்துக் கூசிப்போவேன் என்று நினைத்திருந்தேன். அப்படி வரவில்லை. இதைத் தூக்கிக்கொண்டா ஷேர் ஆட்டோவுக்கு ஓடினேன், இதோடா தண்ணீர்க் குடம் சுமந்தேன், இதோடா லைனில் ஓ.டி. பார்த்துவிட்டு வீட்டில் மாவாட்டினேன் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். எத்தனை பலசாலியாக இருந்திருக்கிறாள் அவள். அவளைப் பார்த்து இரண்டு விரல் மடக்கினார்கள், நானும் சேர்ந்து தலையைக் குனிந்தேன். மேடையில் நின்றுகொண்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜாக்கெட் இறுக்குகிறதா என்று பிரவீண் பதறினார். இல்லை என்று சொல்லி உட்கார்ந்தேன்.

சீட் சரியான அளவுக்கு அமுங்கியது.

ஆடிட்டர் ஒரு பெண்மணி. நல்ல உயரம், நல்ல பருமன். என் ஜாக்கெட்டை வாங்கி ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். பிரவீணிடம் முழுக்கதையையும் கேட்டாள். கேட்டுவிட்டு, இவ்வளவையும் நடந்தே குறைத்தாயா என்று என்னைக் கேட்கச் சொன்னாள். நடந்ததும் கொஞ்சம் நாய் துரத்தியதும் என்றேன். பிரவீண் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

போகும்போது ஒரு குறை சொன்னாள். ஒரே ஆளை நம்பி லேப் இருக்கக் கூடாது, ஜாக்கெட் இல்லாமல் எடை பொருந்துகிற இன்னொருவரும் வேண்டும். பிரவீண் இதைத் தமிழில் சொல்லி முடித்ததும் அறையில் இருந்த அத்தனை கண்ணும், சொல்லிவைத்தாற்போல, ஒரே பக்கம் திரும்பின.

ஜெகதீசன் சார் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொருந்துமா

அன்று மாலை ஜெனரல் ஷிஃப்ட் விட்டு எல்லோரும் பஸ்ஸுக்குப் போன பிறகு, சார் என்னை மட்டும் ஸ்டோருக்கு வரச் சொன்னார். கதவைச் சாத்தச் சொன்னார். ஷூவைக் கழற்றினார். பெல்ட்டைக் கழற்றினார். போன், சாவிக்கொத்து, வாட்ச் எல்லாவற்றையும் ஒரு பண்டல் மேல் வைத்தார். கழுத்தில் தொங்கிய ஐடி கார்டையும் யோசித்துக் கழற்றினார்.

ஏறி நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். இன்ஜினியரிங் படித்த, எங்களுக்கெல்லாம் இன்க்ரிமெண்ட் போடுகிற மனிதர்.

"நம்பர் சொல்லாதீங்க. பொருந்துதா இல்லையா, அது மட்டும் சொல்லுங்க."

பார்த்தேன். "பொருந்தல சார்."

அவர் இறங்கவில்லை. கண்ணைத் திறக்காமலே, "ரொம்பவா?" என்று கேட்டார்.

"நீங்களே கண்ணைத் திறந்து பாருங்க சார். அது ஒன்னும் பண்ணாது."

ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இன்னொன்றை. குனிந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கடைசி பஸ் ஹார்ன் அடித்தது. இறங்கி, ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிக்கொண்டு, கதவைத் திறக்கும் முன் சொன்னார்: "யார்கிட்டயும் வேணாம்மா."

மறுநாள் எல்லோரிடமும் 'மேட்ச் ஆகல' என்று மட்டும் சொல்லிவிட்டார். கூடவா குறைச்சலா என்று எஸ்தர் என்னைத் துளைத்தெடுத்தாள். இன்றைக்கும் விடுவதில்லை.

இதை எழுதலாமா என்று இந்த வாரம் சாரிடம் கேட்டேன். அந்த எண்ணைத் தவிர எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். என் எடையை யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நின்ற இடத்தில் சொல்லிவிடுகிறேன்: அறுபத்து மூன்று. போன வாரம் ஒரு கல்யாணச் சாப்பாடு இருந்தது, அதனால் அறுபத்து நாலாகவும் இருக்கலாம். சாருடையதை மட்டும் கேட்காதீர்கள்.